மதில் நின்ற மதுரை – 9: கலெக்டரும் மேஸ்திரியும்

அவனியாபுரத்தில் டவுன் பஸ் ஏறினால், வில்லாபுரம் தாண்டியதும் கண்டக்டர் 'தெற்குவாசல் இறங்கு' என்று குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் கதவும் இல்லை, மதிலும் இல்லை. கடைகளும் ஆட்டோக்களும் நெரிசலும்தான். கீழவாசலிலும் அப்படியே. வாசல்களைத் தாங்கி நின்ற கோட்டை எங்கே போனது? இந்த வாரம் அந்தக் கதை.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்துப் பழைய கோட்டையை இடித்துவிட்டு, அதைவிடப் பெரிய கோட்டையை எழுப்பினார். கொத்தளங்கள் 72. பாளையத்துக்கு ஒன்றாக, 72 பாளையக்காரர்களும் அவற்றைக் காக்க வேண்டும் என்பது அவருடைய தளவாய் அரியநாத முதலியார் வகுத்த ஏற்பாடு என்று சொல்வார்கள். மதிலைச் சுற்றி அகழி.

அந்தக் கோட்டையின் பலத்தை வெள்ளைக்காரர்கள் நன்றாகவே அறிந்தார்கள். அவர்களிடமே படைத்தலைவனாக இருந்த யூசுப்கான் எதிர்த்து நின்றபோது, 1763, 1764 ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டன. பீரங்கிகளால் சாதிக்க முடியாததை உள்ளிருந்தவர்களின் துரோகம் சாதித்தது. 1764 அக்டோபர் 15ஆம் நாள் யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார். அவரது அடக்கத்தலம் இன்றும் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன்பின் கோட்டைக்கு வேலை இல்லை. காவல் இல்லாத மதில் சிதைந்தது. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. உள்ளே நெருக்கியடித்து வாழ்ந்த ஜனங்களுக்குக் காற்று வரவும் வழியில்லை, வீடு கட்ட இடமும் இல்லை. 1809 முதல் 1811 வரை மதுரைச் சீமையைக் காய்ச்சல் வாட்டி எடுத்தது.

1834இல் கலெக்டராக வந்த ஜான் பிளாக்பர்ன் மதிலை இடிப்பது என்று முடிவெடுத்தார். அத்தனை பெரிய வேலைக்குச் சர்க்கார் கஜானாவில் பணம் எங்கே? ஆகவே ஊராரையே கூப்பிட்டார். மதிலில் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணை அகழியில் தள்ளிச் சமப்படுத்துபவர்களுக்கு அந்த இடம் சொந்தம் என்று அறிவித்தார். மதிலின் மண்ணே அகழியை மூடியது. அடைத்து நின்றதும் போனது, நாறிக் கிடந்ததும் போனது, மனைகள் கிடைத்தன. 1840களில் மதுரை முதல்முறையாகக் கோட்டைக்கு வெளியே கால் நீட்டியது.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரில் வீதிகள் விரிகின்றன. மாசி வீதியைத் தாண்டியதும் மாதங்கள் முடிந்து மனிதர்களின் பெயர்கள் வருகின்றன: மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. அவற்றுக்கும் அப்பால் வெளி வீதிகள். கோட்டை கிடந்த வளையம் இதுதான். மாரட், நிலத்தை அளந்த சர்வேயர். பெருமாள், ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி.

கலெக்டருக்கு நன்றி சொல்ல மதுரை ஜனங்கள் கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கூடும் இடத்தில் ஒரு விளக்குத்தூண் நிறுத்தினார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடை வாசலில் கைத்துண்டையும் நைட்டியையும் கூவி விற்கும் பையன்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பேரம் பேசும் பெண்கள், ஜிகர்தண்டா தம்ளரோடு ஒதுங்கி நிற்கும் கிராமத்து ஆட்கள். எல்லாருக்கும் அது விளக்குத்தூண். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். பிளாக்பர்ன் என்ற பெயர் அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? மேஸ்திரியின் பெயரோ லாட்ஜ் விலாசத்திலும் ஆட்டோக்காரர் வாயிலும் தினமும் புழங்குகிறது. கூலியாட்களை மேய்த்த ஒருவரின் பெயர் ஒரு பழைய தலைநகரத்தின் வீதிக்கு நிலைத்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அரசர்களும் துரைகளும் மட்டும் ஊரைக் கட்டவில்லை என்பதற்கு மதுரையே சாட்சி.

வாசல் போய்ப் பெயர் மட்டும் நிற்கும் கதை லண்டனிலும் நடந்திருக்கிறது. ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், லட்கேட் ஆகிய கோட்டை வாசல்களை அந்த நகரம் 1760, 1761 ஆண்டுகளில் இடித்துத் தள்ளியது. வண்டிப் போக்குவரத்துக்கு அவை இடைஞ்சலாக இருந்தன. ஆல்ட்கேட்டும் பிஷப்ஸ்கேட்டும் நம் தெற்குவாசலைப் போலவே இன்றும் பெயராக நிற்கின்றன. ஆனால் அங்கே எஞ்சிய மதிலைப் பேணுகிறார்கள். டவர் ஹில் அருகே ரோமானியர் வைத்த கல்லை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். நம் சென்னையும் 1639 ஆகஸ்ட் 22ஐத் தன் பிறந்தநாளாக வைத்து, ஆண்டுதோறும் பழைய வீதிகளில் ஜனங்களை நடத்திக் கூட்டிப் போகிறது. அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த மதுரைக்குக் கோட்டையின் கதையைச் சொல்ல ஒரு நாளும் இல்லை.

கோட்டையை இடித்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். மூச்சு முட்டிக் கிடந்த ஜனங்களுக்கு அது விடுதலை. ஆனால் ஒரு கோட்டை இருந்ததையே மறந்துபோவது நமக்கு நாமே செய்துகொள்ளும் இழப்பு. பெரியார் பஸ் நிலையத்தின் பக்கத்தில் கொத்தளத்தின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? தெற்குவாசலிலும் கீழவாசலிலும் வாசல் இருந்த இடத்தை மாநகராட்சி ஒரு கல் நட்டுக் காட்டட்டும். வெளி வீதிகளில் மதில் ஓடிய பாதையைக் குறிக்கட்டும். யூசுப்கான் தூக்கிலிடப்பட்ட அக்டோபர் 15 அன்று பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பாதையில் நடத்திக் கூட்டிப் போகலாம். அந்தக் கல்லில் கலெக்டரின் பெயரோடு பெருமாள் மேஸ்திரியின் பெயரும், இடம் கிடைக்குமென்று மண்வெட்டி தூக்கி வந்த பெயர் தெரியாத குடும்பங்களைப் பற்றி ஒரு வரியும் இருக்க வேண்டும். கோட்டையைக் கட்டியவர்களைப் போலவே அதைக் கரைத்து ஊராக்கியவர்களும் மதுரையின் சரித்திரம்தான்.

(அடுத்த வாரம்: மீனாட்சியம்மனுக்கு அங்கவடி கொடுத்த கலெக்டர் ரோஸ் பீட்டர் – மதுரை ஜனங்களின் 'பீட்டர் பாண்டியன்')