பின்னறைக்கும் இணையம் வேண்டும்

வீடு எல்லாருக்கும் பொது என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் ஒரு வசதி வீட்டின் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்று பார்த்தால், அது யாரை நினைத்து வைக்கப்பட்டது என்பது விளங்கிவிடும். எங்கள் வீட்டில் வானொலியும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் முன் மண்டபத்திலேயே வைக்கப்பட்டன. இணைய இணைப்பு எடுத்தபோது ரவுட்டரும் அதே மண்டபத்துச் சுவரில் ஏறிக்கொண்டது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எங்களுடையது யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், முன்னுக்கு மண்டபம், பின்னுக்குக் குசினி. குசினிக்குப் பக்கத்து அறையில் மகளும் மாமியும் படுப்பார்கள். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய சுவர்கள் ஒன்றரை அடி தடிப்பு. வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் முன் மண்டபத்து வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வந்து சேராது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு ஒன்லைன் வகுப்புகள் தொடங்கின. மகள் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன் மண்டபத்துக்கு வந்தாள். அங்கே தொலைக்காட்சி ஓடும். இவரைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். "பிள்ளை, தேத்தண்ணி போடு" என்ற குரலும் வரும். அவள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஒரு மூலையில் குனிந்தபடி இருப்பாள். 2021 ஏப்ரல் கடைசியில் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. அப்போது அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கணித ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கட மகள் கேள்வி கேட்டால் வாயே திறக்கிறா இல்லை. விளங்குதோ இல்லையோ தெரியேல்லை" என்றார். எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே விளங்கியது. வந்திருந்தவர்களுக்கு முன்னால் பிழையான விடை சொல்லிவிடுவேனோ என்ற கூச்சம்தான் அவளது வாயைக் கட்டியிருந்தது.

முதலில் விட்ட பிழை

கடையில் கேட்டபோது, சுவரில் செருகும் சிறிய 'நீட்டி' ஒன்றைத் தந்தார்கள். வயர் தேவையில்லை, செருகினால் போதும் என்றார்கள். பின்னறையில் செருகினேன். கைத்தொலைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்தன. வகுப்போ முன்போலவே நின்று நின்று ஓடியது.

திருகோணமலையில் கணினி திருத்தும் வேலை செய்யும் என் தம்பியிடம் கேட்டேன்.

"அக்கா, அது தானாக இணையத்தை உண்டாக்கிற சாமான் இல்லை. முன்னுக்கு இருந்து வாறதை வாங்கித்தான் பின்னுக்குக் குடுக்கும். வந்து சேராத இடத்தில அதை வைச்சால் எதைக் குடுக்கும்?" என்றான். மேலும், வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிச் செய்வதால், நல்ல இடத்தில் வைத்தாலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்றும் சொன்னான். "உந்தச் சுவருக்கு வயர்தான் சரி. பழைய ரவுட்டர் ஏதும் கிடக்கோ?"

இருந்தது. முந்திய இணைப்பின் ரவுட்டர் அலுமாரிக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. 25 மீற்றர் கேபிள் ஒன்று மட்டும் வாங்கினேன். 'கற் 5ஈ' என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த வகைக் கேபிள் 100 மீற்றர் வரை தாக்குப்பிடிக்கும். ஆள் பிடித்துப் பூட்டுவதற்கு முன் மே மாதப் பயணத்தடை வந்துவிட்டது. இனி நானே செய்தால்தான் உண்டு என்ற நிலை.

இரண்டு கிராம சேவகர்கள்

தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே, மழை படாதபடி, மகளும் நானும் ஏணி வைத்துக் கேபிளை இழுத்தோம். ஒரு முனையை முன் ரவுட்டரிலும் மறுமுனையைப் பழைய ரவுட்டரிலும் செருகிச் சுவிட்சைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வீடு முழுவதும் இணையம் நின்றுவிட்டது! இவருடைய அலுவலகக் கூட்டம் பாதியில் அறுந்தது. "தெரியாத வேலையில ஏன் கை வைக்கிறீர்?" என்று மண்டபத்திலிருந்து சத்தம். மாமியும் தன் பங்குக்கு, "பொம்பிளைப் பிள்ளையின்ர அறைக்குள்ள உது என்னத்துக்கு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னுக்குப் போய் வயரைக் கழற்றினேன். முன் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் இணையம் திரும்பி வந்தது.

இரவு தம்பி சிரித்தான். "அக்கா, ஒரு ஊருக்கு ரெண்டு கிராம சேவகர் இருந்து, ஆளுக்கொரு பக்கமா வீட்டு இலக்கம் குடுத்தால் கடிதம் போய்ச் சேருமோ? அதுதான் நடந்தது."

ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு இணையும் கருவிகளுக்கு ஓர் இலக்க முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. இந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு வீட்டில் இதை ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும். எங்கள் இரண்டு ரவுட்டர்களின் சொந்த முகவரியும் 192.168.1.1 என்று ஒன்றாகவே இருந்ததால் குழப்பம் இரட்டித்தது.

சரியான ஒழுங்கு

மறுநாள் அவன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் கொப்பியில் எழுதி எழுதிச் செய்தேன். சகோதரிகளுக்கு உதவும் என்பதால் அந்தக் குறிப்பை இங்கே தருகிறேன்.

1. பழைய ரவுட்டரை வீட்டு இணைப்போடு பொருத்த வேண்டாம். அதைத் தனியாகக் கேபிளால் கணினியுடன் இணையுங்கள். பின்புறத்துச் சிறிய துளையில் ஊசியால் சுமார் 10 விநாடி அழுத்தினால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும்.

2. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை இருக்கும். அந்த முகவரியை இணைய உலாவியில் தட்டி உள்ளே செல்லுங்கள். முதலில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

3. அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். முதல் மூன்று பகுதிகளும் முன் ரவுட்டரின் முகவரியைப் போலவே இருக்க வேண்டும். கடைசி எண் மட்டும் வேறாக வேண்டும். அந்த எண், முன் ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் எண்களுக்கு வெளியே இருப்பது அவசியம். எங்களுடையது 2 முதல் 200 வரை கொடுப்பதால், நாங்கள் 192.168.1.250 என்று வைத்தோம். சேமித்த பின் இந்தப் புதிய முகவரியால் மறுபடி உள்ளே செல்ல வேண்டும்.

4. வைஃபைக்கு முன் ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 ஆக இருக்கட்டும். அலைவரிசை எண் மட்டும் வேறாக வேண்டும். முன்னுக்கு 1 என்றால் பின்னுக்கு 6 அல்லது 11 வைக்கலாம்.

5. கடைசியாக டிஎச்சிபியை நிறுத்திச் சேமியுங்கள்.

6. இப்போது கேபிளை இரண்டு ரவுட்டரிலும் 'லான்' என்று எழுதிய துளைகளிலேயே செருகுங்கள். 'வான்' என்று எழுதிய துளையில் செருக வேண்டாம்.

சுவிட்சைப் போட்டோம். மகள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி பின்னறைக்கு ஓடினாள். "அம்மா, ஓடுது!" என்று அவள் கத்திய சத்தம் முன் மண்டபம் வரை கேட்டது.

கவனிக்க வேண்டியவை

முன்னுக்கிருந்து பின்னுக்கு நடந்து வந்தாலும் சில கைத்தொலைபேசிகள் பழைய, பலவீனமான சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் அதிகம். மழை இருட்டும்போதே மின்செருகிகளையும் இணைப்பு வயர்களையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பின் அவற்றில் கை வைக்காதீர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் செப்புக் கேபிள் இழுப்பதும் ஆபத்து. வேறொருவர் வந்து பூட்டித் தந்தால், அவர் போனதும் கடவுச்சொற்களை நீங்களே மாற்றிவிடுங்கள்.

மாமியின் பயத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. அறைக்குள் இணையம் வந்தால் பிள்ளை இரவிரவாக விழித்திருக்கவும் கூடும். ஆகவே மகளும் நானும் பேசி ஓர் ஒழுங்கு வைத்தோம். இரவு 10 மணிக்குப் பின் ரவுட்டரின் சுவிட்சை அவளே அணைப்பாள். அவளை நம்பி விட்ட அந்த ஒழுங்கை அவள் மீறவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கணித ஆசிரியை மறுபடி அழைத்தார். "இப்ப மற்றப் பிள்ளையளை விட உங்கட மகள்தான் கூடக் கேள்வி கேக்கிறா" என்றார். நடந்ததை அவருக்குச் சொன்னேன். மாமி இப்போது தன் கட்டிலில் சாய்ந்தபடியே கனடாவில் இருக்கும் மகளோடு மணிக்கணக்கில் கதைக்கிறார். முன் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல முடியாத கதைகள் அவருக்கும் இருந்திருக்கின்றன.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இணையம் எந்த அறையில் நின்றுவிடுகிறது என்று இன்றைக்கே கைத்தொலைபேசியோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த அறையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணாகவோ, ஒரு பிள்ளையாகவோ, ஒரு முதியவராகவோ இருக்கலாம். அலுமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரும் ஒரு துண்டு வயரும் அவர்களுக்குப் பெரிய உதவியாகும். முதல்முறை பிழைத்தால் மனம் தளராதீர்கள். எனக்கும் முதல்முறை பிழைத்தது.