பட்டாளத்துப் பைனாகுலர்

மும்பையில் சோர் பஜார் என்று ஓர் இடம் உண்டு. பழைய பொருள்களுக்குப் பெயர் போன சந்தை அது. இதுபோன்ற சந்தைகளில் சில சமயம் பழைய பட்டாளத்துப் பைனாகுலர் விலைக்கு வரும். கனமான உலோக உடல். தோல் உறை. பார்த்ததும் ஆசை வரும். வாங்கலாமா? முதலில் அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பைனாகுலரில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் பெரிய லென்ஸ், கண் பக்கம் சிறிய லென்ஸ். இவை காட்சியைத் தலைகீழாகக் காட்டும். அதை நிமிர்த்துவது நடுவில் உள்ள பட்டகம். அது பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டி. இந்த முறையை 1854-இல் உருவாக்கியவர் இத்தாலி நாட்டு இக்னாசியோ போரோ.

எண்கள் சொல்லும் செய்தி

6×30 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? பொருள் 6 மடங்கு அருகில் தெரியும். முன் லென்ஸின் அகலம் 30 மில்லிமீட்டர். தரைப்படை வீரர்கள் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். கப்பலில் 7×50 வைத்திருந்தார்கள். பெரிய லென்ஸ் அதிக வெளிச்சத்தை வாங்கும். இருட்டும் நேரத்திலும் கரை தெரியும்.

சிலவற்றில் மூன்று கோடுகள் சேர்ந்த அம்புக்குறி இருக்கும். பிரிட்டிஷ் அரசு தன் பொருள்களில் பொறித்த குறி அது. 1943 என்று ஆண்டும் இருந்தால், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அந்தப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இந்தக் குறிகளைச் சுரண்டாதீர்கள். மேலே புதிய பெயிண்ட் அடிக்காதீர்கள். குறி அழிந்தால் அதன் வரலாறும் அழியும்.

வாங்கும்முன் மூன்று சோதனைகள்

1. முன்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்க வேண்டாம்.

2. மெதுவாக ஆட்டுங்கள். கடகட என்று சத்தம் வந்தால் பட்டகம் கழன்றிருக்கலாம்.

3. தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். ஒரு கம்பம் இரண்டாகத் தெரிகிறதா? அப்படியானால் வேண்டாம். தலைவலிதான் மிஞ்சும்.

ரசீது கேட்டு வாங்குங்கள்.

எப்படிப் பயன்படுத்துவது?

பல பட்டாளத்துப் பைனாகுலர்களில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனி வளையம் உண்டு. வலக்கண்ணை மூடுங்கள். இடப்பக்க வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கத்தைச் சரிசெய்யுங்கள். இனி இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஏரிக்கரைக் கொக்கின் இறகு கூடத் தெரியும். நிலவில் குழிகள் தெரியும்.

மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை வாங்கும். பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். லென்ஸை முந்தானையால் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள்.

மிக முக்கியம்!

பைனாகுலரால் சூரியனைப் பார்க்கவே கூடாது. கிரகணத்தின் போதும் கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்துக் கண்ணுக்குள் அனுப்பும். ஒரு நொடியில் பார்வை போகலாம். வலி கூடத் தெரியாது. குழந்தைகள் கையில் கொடுக்கும்போது அருகிலேயே இருங்கள். நல்ல பைனாகுலர் இன்னொன்று கிடைக்கும். கண் கிடைக்குமா?

பதில் சொல்லுங்கள்

1. 7×50 என்பதில் 50 எதைக் குறிக்கிறது?
2. பூஞ்சை எப்படித் தெரியும்?
3. பைனாகுலரால் எதைப் பார்க்கக் கூடாது? ஏன்?