ஃபேண்டஸி லீக் 'டிராஃப்ட்': முதல் ஆளாக யாரை எடுப்பது? தோட்டத்துத் திடல் சொல்லித் தரும் கணக்கு

கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. சாயங்கால நேரம், திடலில் பதினான்கு பேர். இரண்டு தலைவர்கள் 'ஒன் டூ ஸோம்' போடுவார்கள். ஜெயித்தவர் முதலில் ஒருவரைக் கூப்பிடுவார், அடுத்தவர் இன்னொருவரை. "டேய், அவன் எனக்கு!" என்று குரல் வந்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் அடுத்த அணிக்குக் கிடையாது.

ஃபேண்டஸி லீக்கில் 'டிராஃப்ட்' என்பதும் இதேதான்.

அன்று ஒரே திடலில் ஆடியவர்கள் இன்று ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ஷா ஆலம், சிங்கப்பூர் என வேலைக்காகப் பிரிந்துவிட்டார்கள். பேச்சு மட்டும் புலனக் குழுவில் தொடர்கிறது. அந்தக் குழுவிலேயே இந்தப் பருவம் ஒரு டிராஃப்ட் லீக் ஆரம்பிக்கப் போகிறீர்களா? எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.

டிராஃப்ட் எங்கிருந்து வந்தது?

ஃபேண்டஸி விளையாட்டு பெரிய அளவில் பரவியது அமெரிக்காவின் பேஸ்பாலில் இருந்து. எழுத்தாளர் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் 1980ஆம் ஆண்டு பருவத்தில் தொடங்கிய லீக் அது. நியூயார்க்கில் அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அதற்கு 'ரொட்டிசெரி லீக்' என்று பெயர் வந்தது.

நம் ஊரில் பேஸ்பால் பார்ப்பவர்கள் குறைவு. இங்கே பலருக்கும் தெரிந்தது இங்கிலீஷ் பிரீமியர் லீக் காற்பந்தின் எஃப்பிஎல். அதில் டிராஃப்ட் முறை 2017-18 பருவத்தில் அறிமுகமானது. ஆட்டம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

வழக்கமான எஃப்பிஎல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான முறையில் ஒவ்வொருவருக்கும் 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம். குழுவில் பத்துப் பேருமே ஹாலண்டை வாங்கலாம்.

டிராஃப்டில் பணமே இல்லை. ஒரு ஆட்டக்காரர் உங்கள் லீக்கில் ஒருவருக்கு மட்டும்தான். கேப்டனுக்கு இரட்டிப்புப் புள்ளி என்பதும் கிடையாது. ஆளுக்கு 15 பேர்: கோல் காவலர் 2, தற்காப்பு 5, மத்தியத் திடல் 5, தாக்குதல் 3.

'பாம்பு வரிசை' என்றால்?

எட்டுப் பேர் சேர்ந்த லீக் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்று 1 முதல் 8 வரை போகும். இரண்டாவது சுற்று 8இல் தொடங்கி 1க்குத் திரும்பும். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதால் 'ஸ்னேக் டிராஃப்ட்' என்கிறார்கள்.

- முதல் இடம் கிடைத்தால் உங்கள் தேர்வுகள்: 1, 16, 17, 32...
- கடைசி இடம் என்றால்: 8, 9, 24, 25...

முதல் இடத்தில் இருப்பவர் ஒருவரை எடுத்த பிறகு 14 பேர் கைமாறுவார்கள். அப்புறம்தான் அவருக்கு அடுத்த வாய்ப்பு. வியூகம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

யாரை முதலில் எடுப்பது?

பலர் செய்யும் தவறு, பட்டியலில் அதிகப் புள்ளி உள்ளவரை அப்படியே எடுப்பது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இவரை இப்போது விட்டால், அடுத்த முறை எனக்கு இதே இடத்தில் யார் மிஞ்சுவார்?"

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். மத்தியத் திடலில் சிறந்தவர் 210 புள்ளி எடுப்பார். உங்கள் முறை திரும்பி வரும்போது 175 எடுக்கக்கூடியவர் இன்னும் இருப்பார். இழப்பு 35. தாக்குதலில் சிறந்தவர் 180 எடுப்பார். ஆனால் திரும்பி வரும்போது மிஞ்சுபவர் 110தான். இழப்பு 70. அப்படியென்றால் 210ஐ விட்டுவிட்டு 180ஐ எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தப் பஞ்சம் ஏன் வருகிறது? எட்டுப் பேருக்கு தலா 3 என்றால் 24 தாக்குதல் ஆட்டக்காரர்கள் தேவை. பிரீமியர் லீக்கில் 20 கிளப்தான். பெரும்பாலானவை முன்னால் ஒரே ஒருவரைத்தான் நிறுத்துகின்றன. தவறாமல் ஆடும் ஆட்கள் எல்லோருக்கும் போதாது. பேஸ்பாலில் இதே சிக்கல் 'கேட்சர்' இடத்தில் வரும். அங்கே நன்றாக அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அப்போ கோல் காவலர்?

தோட்டத்துத் திடலில் கோல் காவலர் கிடைப்பதுதான் கஷ்டம். எல்லோருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. நல்ல 'கீப்பர்' ஒருவன் இருந்தால் அவனைத்தான் முதலில் இழுப்பார்கள்.

எஃப்பிஎல்லில் நிலைமை தலைகீழ். எட்டுப் பேருக்கு 16 கோல் காவலர்கள் போதும். 20 கிளப்புக்கும் முதல் நிலைக் காவலர்கள் 20 பேர் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவரின் புள்ளிதான் எண்ணப்படும். அவர்களுக்குள் புள்ளி வித்தியாசமும் பொதுவாகக் குறைவு. அதனால் கடைசிச் சுற்றுகள் வரை அவசரப்பட வேண்டாம்.

போன பருவத்துப் புள்ளியை நம்பலாமா?

முழுசாக நம்ப வேண்டாம். முகமது சாலா 2024-25இல் 344 புள்ளி எடுத்து எஃப்பிஎல் சாதனை படைத்தார். அடுத்த பருவத்தில் அந்த வேகம் இல்லை. 2025 டிசம்பரில் பெஞ்சிலும் உட்கார வேண்டி வந்தது. வயது, காயம், பெனால்டி உதைப்பவர் யார், புதிய பயிற்றுநர் வந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

டிராஃப்ட் இரவுக்கு முன் செய்ய வேண்டியவை

- ஒவ்வொரு இடத்துக்கும் ஆட்டக்காரர்களைத் தரம் தரமாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு தரத்தில் கடைசி ஆள் மட்டும் மிஞ்சியிருந்தால், அதுதான் அவரை எடுக்கும் நேரம்.
- செயலியில் 'வாட்ச்லிஸ்ட்' போட்டு வையுங்கள். லைன் போய்விட்டால் கணினியே உங்களுக்காக ஆள் எடுத்துவிடும்.
- ஷிப்ட் வேலை செய்பவர்களையும் கேட்டு நேரம் குறியுங்கள். இங்கிலாந்து நேரம் நமக்கு 7 மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசிக்குப் பிறகு 8 மணி நேரம்.

டிராஃப்ட் முடிந்தால் வேலை முடிந்ததா?

இல்லை. யாரும் எடுக்காத ஆட்டக்காரர்களை வாரா வாரம் 'வெய்வர்' முறையில் கேட்கலாம். பட்டியலில் கடைசியில் இருப்பவருக்கே முன்னுரிமை. ஆரம்பத்தில் சறுக்கியவரும் எழுந்துவர இது வழி.

ஆனால் ஒருவர் நவம்பரில் சலித்துப்போய் ஒதுங்கிவிட்டால், அவரிடம் உள்ள 15 பேரும் அங்கேயே முடங்கிக் கிடப்பார்கள். வழக்கமான முறையில் அது அவர் பாடு. டிராஃப்டில் மொத்த லீக்கும் கெட்டுப்போகும். அதனால் பருவம் முழுக்க நிற்கக்கூடிய ஆறு பேர், பாதியில் ஓடும் பன்னிரண்டு பேரைவிட மேல்.

பணம் கட்டி ஆடலாமா?

எஃப்பிஎல் இலவசம். மலேசியாவில் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் 1953ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது; 'ட்ரீம்11' தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. குழுவில் பணம் வசூலிப்பது வேண்டாத வம்பு. சட்டம் ஒருபுறம் இருக்க, காசு நுழைந்த இடத்தில் நட்பும் கசந்துபோகும்.

திடலில் தோற்ற அணி தண்ணீர் கொண்டு வந்தது. இப்போது, தீபாவளிக்கு எல்லோரும் ஊர் திரும்பும்போது கடைசி இடத்தில் இருப்பவர் ரோட்டி சானாயும் தே தாரேக்கும் வாங்கித் தரட்டும். அதற்கு மேல் பணயம் தேவையில்லை.