ஹோம் தியேட்டர் பெட்டி சொல்வதும் சொல்லாததும்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் ஒருவர், தீபாவளி முடிந்த மறுவாரம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் மின்சுற்றுப் பலகைகளைப் பொருத்தும் பணி அவருக்கு. போனஸ் பணத்தில் ஊரிலுள்ள பெற்றோருக்காக டிவிடி பிளேயருடன் கூடிய ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறார். நான் மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடம் கேட்க வந்திருந்தார்.

“சார், பின்னாடி வைக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் பேசவே இல்ல. படத்துல எல்லாரும் குள்ளமா, குண்டா தெரியிறாங்க. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?”

அவர் போட்டுப் பார்த்தது 2009இல் நடந்த அக்காள் திருமணத்தின் டிவிடி. இப்போது உயிரோடு இல்லாத அவருடைய ஆயாவின் முகமும் குரலும் அந்த ஒரு தட்டில்தான் இருக்கின்றன. ஊருக்கு அனுப்பும் முன் சரிபார்க்க நினைத்திருக்கிறார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ‘5.1’, ‘டால்பி டிஜிட்டல்’, ‘1080பி’, ‘10,000 வாட் பிஎம்பிஓ’ என்று நான்கு பக்கமும் எழுத்துகள். அவற்றின் பொருளை விளக்கும் ஒரு வரிகூட எங்கும் இல்லை.

சங்கிலியின் மூன்று கண்ணிகள்

இத்தகைய சொற்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தச் சொல் எதைப் பற்றியது? தட்டில் பதிவானதைப் பற்றியதா, தட்டைப் படிக்கும் கருவியைப் பற்றியதா, அல்லது படமும் ஒலியும் வெளிப்படும் திரையையும் ஒலிபெருக்கியையும் பற்றியதா? இம்மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். எந்தக் கண்ணி பலவீனமோ, அதன் தரமே நமக்குக் கிடைக்கும்.

முதலில் படம். நம் நாட்டில் வழங்கிய பால் முறையில் விசிடியின் ஒரு படச்சட்டத்தில் 352 × 288 புள்ளிகள்; அதாவது சுமார் ஒரு லட்சம். டிவிடியில் 720 × 576; நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். ப்ளூ-ரேயில் 1920 × 1080. இருபது லட்சத்தைத் தாண்டும். 4கே ப்ளூ-ரேயில் 3840 × 2160. ஏறக்குறைய 83 லட்சம். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடிகளை 28 ரூபாய்க்கும் டிவிடிகளை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, இடையிலிருந்த ஆறு ரூபாய்க்குள் நான்கு மடங்கு படத் தெளிவு அடங்கியிருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

பெட்டியிலுள்ள ‘1080பி’ அந்தக் கருவி வெளியே அனுப்பக்கூடிய அளவு. தட்டிலுள்ள அளவு அன்று. நான்கு லட்சம் புள்ளிகளை வைத்துக்கொண்டு மீதியைக் கருவி கணக்கிட்டு நிரப்புகிறது. படம் சற்று வழுவழுப்பாகத் தெரியலாம். படம்பிடித்தபோது பதிவாகாத விவரம் புதிதாக வந்துவிடாது.

குள்ளமாகத் தெரிந்த ஆயா

அடுத்தது, குள்ளமாகவும் குண்டாகவும் தெரிந்த உறவினர்கள். 2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி நினைவிருக்கிறதா? அதன் திரை 4:3 விகிதம்; அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அக்காலத்துத் திருமணக் காணொளிகள் பெரும்பாலும் அந்த விகிதத்திலேயே எடுக்கப்பட்டன. இன்றைய திரைகளோ 16:9. பழைய படத்தை அகலத் திரை முழுதும் நிரப்பும்படி இழுத்தால் எல்லோரும் பருத்துவிடுவார்கள். தொலைக்காட்சியின் அமைப்பில் விகிதத்தை 4:3 என்று மாற்றினேன். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தது; நடுவில் ஆயா தமது இயல்பான உயரத்துக்கு வந்துவிட்டார்.

கறுப்புப் பட்டை குறை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். சினிமாஸ்கோப் படங்கள் ஏறத்தாழ 2.35:1 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. பழைய சதுரத் திரையில் மேலும் கீழும் கறுப்பு விழுந்தபோது, ‘படத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. உண்மையில், கறுப்பு விழுந்ததுதான் முழுப் படம். திரையை நிரப்பியதுதான் ஓரங்கள் வெட்டப்பட்டது.

பேசாத ஒலிபெருக்கிகள்

ஒலிக்கு வருவோம். 5.1 என்பது தடங்களின் எண்ணிக்கை. முன்னே இடம், நடு, வலம், பக்கவாட்டில் அல்லது பின்னே இரண்டு, ஆக ஐந்து. அடித்தொண்டை அதிர்வுகளை மட்டும் தாங்கும் தடம் ‘.1’; மொத்த ஒலி அலைவரிசையில் அது ஒரு சிறு பகுதியே என்பதால் அந்தப் பெயர். உரையாடல் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். வசனம் கேட்கவில்லை என்று ஒட்டுமொத்த ஒலியைக் கூட்டுவதைவிட, நடுத் தடத்தை மட்டும் கூட்டுவது பயன்தரும்.

டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவை எண்ணிக்கை அல்ல. ஒலியைச் சுருக்கிப் பொதியும் முறைகள். டால்பி டிஜிட்டலில் இரண்டே தடங்களும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம். நமது இளைஞரின் திருமணத் தட்டில் இருந்தவை இரண்டு தடங்களே. பதிவாகாத ஒலியைப் பின்பக்க ஒலிபெருக்கிகள் எங்கிருந்து எடுக்கும்? ஆறு தடமுள்ள திரைப்பட டிவிடி ஒன்றைப் போட்டதும் அவை இரண்டும் பேசின.

இணைப்புக் கம்பியும் கவனத்துக்குரியது. சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் இரண்டு தடங்களைத்தான் சுமக்கும், மஞ்சள், படத்துக்கானது. தொலைக்காட்சியிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ ஆறு தடங்களும் வர வேண்டுமானால், எச்டிஎம்ஐ அல்லது ஆப்டிகல் போன்ற டிஜிட்டல் இணைப்பு தேவை.

பத்தாயிரம் வாட் எங்கே?

ஆக, அவருடைய இரண்டு புகார்களிலும் கடைக்காரர் மீது குற்றமில்லை. அவர் புகாராகவே கருதாத மூன்றாவது ஒன்றுதான் உண்மையான ஏமாற்று: பத்தாயிரம் வாட். பிஎம்பிஓ என்பது கண நேர உச்சத்தை ஊகித்துச் சொல்லும் எண். அதை அளப்பதற்குப் பொதுவான வரையறை கிடையாது. அச்சிடுபவர் விருப்பமே அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைச் சொல்வது ஆர்எம்எஸ். கருவியின் பின்புறத் தகட்டைப் பார்க்கச் சொன்னேன். மின்நுகர்வு 60 வாட் என்றிருந்தது. அறுபது வாட் உண்ணும் கருவி தொடர்ந்து அறுபதுக்கு மேல் தர முடியாது என்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2012இல் அறிமுகமான கட்டாயப் பதிவு முறை, தொலைக்காட்சி உள்ளிட்ட மின்னணுப் பொருட்களுக்கு அதை வலியுறுத்துவது பாதுகாப்பு கருதி. மின்னதிர்ச்சியும் தீயும் நேராதிருக்க. ஒலியின் தரத்துக்கோ வாட் கணக்குக்கோ அது சான்றாகாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, திறன் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை நமக்கு அளிக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்குத் தண்டனையும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால், புரியாத எழுத்தை எதிர்த்து யார் புகார் செய்வார்கள்? எனவே மூன்று விவரங்களைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்: ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு, எத்தனை ஒலித் தடங்கள், திரையாயின் அதில் உள்ளபடியே எத்தனை புள்ளிகள். கருவி ‘ஏற்கும்’ அளவைப் பெரிதாகவும் உள்ள அளவைச் சிறிதாகவும் எழுதும் பழக்கம் ஒழிய வேண்டும்.

விடைபெறும்போது அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். திரைப்பட டிவிடி அச்சில் வார்க்கப்பட்டது. திருமண டிவிடியோ சாயப் படலத்தில் லேசர் கொண்டு எழுதப்பட்டது. வெயிலிலும் புழுக்கத்திலும் அந்தச் சாயம் மங்கும். இப்போதே கணினியில் நகலெடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்று மாலையே தட்டோடு திரும்பி வந்தார். எனது கணினியில் நகலெடுத்து முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நாளெல்லாம் மின்சுற்றுப் பலகைகளைக் கையாள்பவர் அவர். அத்தகைய பலகையைச் சுமக்கும் ஒரு பெட்டியின் மேலுள்ள எழுத்து அவருக்கே புரியவில்லை என்றால், குறை அவருடையது அன்று, எழுதியவர்களுடையது.