இரண்டாவது காரை இழுத்துக்கொண்டு போனால் பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?

நியூஜெர்சியில் இருந்து டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸுக்கு வேலை மாற்றம். தூரம் சுமார் 1,500 மைல். சாமான் ஏற்ற வாடகை டிரக் பேசியாச்சு. அதைக் கணவர் ஓட்டுவார். ஒரு காரில் மனைவியும் குழந்தையும் வருவார்கள். மிச்சமிருக்கும் இரண்டாவது காரை என்ன செய்வது? அமெரிக்காவில் வீடு மாறும் பல குடும்பங்களுக்கு வரும் தலைவலி இது.

டிரக்கின் பின்னால் டிரெய்லரில் ஏற்றிவிடலாம் என்றதும், ‘பெட்ரோலுக்கே சொத்து கரைஞ்சிடும்’ என்று யாராவது பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு மோசமில்லை.

பெரிய வாடகை டிரக் காலனுக்கு (3.8 லிட்டர்) 10 மைல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 1,500 மைலுக்கு 150 காலன். காரை இழுக்கும்போது மைலேஜ் 8 ஆகக் குறைந்தால், 188 காலன். கூடுதல் செலவு 38 காலன்தான். காலன் மூன்றரை டாலர் என்றால் சுமார் 133 டாலர். அதே கார் தானாக ஓடினால், காலனுக்கு 30 மைல் கொடுத்தாலும் 50 காலன் குடிக்கும்!

காரணம் காற்று. நெடுஞ்சாலையில் டிரக்கின் பெட்ரோலில் பெரும்பகுதி, அந்த உயரமான பெட்டி காற்றைக் கிழித்துப் போவதற்கே செலவாகிறது. பின்னால் வரும் கார் அந்தப் பெட்டியின் மறைவில் ஒளிந்துகொள்கிறது. கூடுவது முக்கியமாக எடைதான். அந்த எடை மலை ஏற்றத்திலும், நின்று நின்று கிளம்பும் நகர நெரிசலிலும் வேலையைக் காட்டும். வேகம் கூடினாலும் மைலேஜ் விழும். 70 மைலில் பறப்பதைவிட 55-ல் போவது பர்ஸுக்கு நல்லது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு 55 மைல்தான் சட்டப்படி உச்சம்.

சொந்த எஸ்யூவியில் இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மறைவு குறைவு. மைலேஜ் 25-ல் இருந்து 15-க்கு விழுந்தால் 40 காலன் கூடுதல்.

உண்மையில் பட்ஜெட்டைக் கடிப்பது பெட்ரோல் அல்ல, டிரெய்லர் வாடகை. முன்சக்கரங்களை மட்டும் தூக்கும் ‘டோ டாலி’ மலிவு. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் கார் என்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் டிரெய்லரே பாதுகாப்பு. டாலியோடு ரிவர்ஸ் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால் மலிவான சின்ன பங்குகளை விட்டுவிட்டு, நேராக நுழைந்து நேராக வெளியேறும் லாரி பங்குகளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

‘கார் சும்மாதானே வருது’ என்று அதற்குள் பாத்திர மூட்டையைத் திணிக்காதீர்கள். டிரெய்லர் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு.