பள்ளிக்கூடம் போகாதவர்கள் படித்த வைத்தியம்

பிழைக்க வந்த ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு தவிப்பு உண்டு. வலி தமிழில் இருக்கிறது. டாக்டரிடம் இந்தியிலோ மராத்தியிலோ சொல்ல வேண்டியிருக்கிறது. 'குடைச்சல்' வேறு, 'குத்தல்' வேறு என்பதை எப்படிப் புரிய வைப்பது? மருந்துச் சீட்டோடு திரும்பும்போதும் மனதில் சந்தேகம் தீர்வதில்லை.

சொந்த ஊரிலேயே, சொந்த மொழியிலேயே இதே தவிப்பை அனுபவித்தவர்கள் உண்டு. மராட்டிய மாநிலத்து ஜாம்கேட் வட்டாரக் கிராமப் பெண்கள்தான் அவர்கள்.

வேலூரில் படித்தவர்கள்

அகமது நகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யா நகர்) வறட்சிக்குப் பேர் போன பகுதி ஜாம்கேட். 1970-ல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற டாக்டர் தம்பதி அங்கே வந்து சேர்ந்தார்கள். இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். பிறகு அமெரிக்கா சென்று பொது சுகாதாரமும் பயின்றவர்கள்.

திட்டத்தின் கணக்குப்படி 1971-ல் அந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் இறந்தன. வயிற்றுப்போக்கு, சத்துக் குறைவு, பிரசவக் கோளாறு என்று தடுக்கக்கூடிய காரணங்களே அதிகம்.

பயிற்சி பெற்ற நர்சுகளை ஊர் ஊராக அனுப்புவது என்று முதலில் ஏற்பாடு. அது பலிக்கவில்லை. நர்சு நகரத்துப் பெண், வயதில் சிறியவர், பேச்சும் உடையும் வேறு. தனியாகத் தங்கவும் பயம். 'பிள்ளை பெறாத பெண் நமக்கு என்ன சொல்வது?' என்று கிராமத்துத் தாய்மார்கள் ஒதுங்கினார்கள். அவர் சொன்னது சரிதான். ஆனால் கேட்பார் இல்லை.

'எங்கள் ஊர்ப் பெண்ணுக்கே கற்றுக் கொடுங்களேன்' என்ற யோசனை கிராமத்திலிருந்து வந்தது. அப்படி வந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினர், கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் என்று ஊரில் மதிப்பே இல்லாமல் இருந்தவர்கள் பலர்.

புத்தகம் இல்லாத வகுப்பு

இவர்களுக்கு நர்சு படிப்பின் பாடப் புத்தகம் எதற்கு உதவும்? பாடமே மாறியது. படங்கள், பாட்டுகள், கதைகள், கேள்வி பதில்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, அந்த வாரம் ஊரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதிலிருந்தே அடுத்த பாடம். சாதி பாராமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதும் ஒரு பாடம்தான்.

கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பது கிராமத்து நம்பிக்கை. வெளியாள் வந்து 'மூட நம்பிக்கை' என்றால் கதவு சாத்தப்படும். ஆனால் அதே நம்பிக்கையில் தன் பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் காது கொடுக்கிறார்கள்.

வயிற்றுப்போக்குக்கும் அப்படியே. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீரில்லாமல் பயிர் வாடுவதைக் கண்டவர்களுக்கு, குழந்தை வாடும் காரணத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

1990-களில் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 20-க்கு அருகில் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1979-ல், ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

மூச்சை எண்ணும் மணிகள்

அதே மாநிலத்தின் கிழக்குக் கோடியில் கட்சிரோலி. பழங்குடியினர் மிகுந்த மாவட்டம். அங்கே 1986 முதல் பணியாற்றிய டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங். நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம் எட்டினால் ஆபத்து. ஆனால் மருத்துவச்சிகளுக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது.

அதற்காக அவர்களைத் தள்ளிவிடவில்லை, கருவியை மாற்றினார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம், கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி வந்தால் நிமோனியா.

பிறகு பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 39 கிராமங்களில், பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62-லிருந்து 25 ஆகக் குறைந்தன. 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இந்த விவரத்தை வெளியிட்டது.

இன்று என்ன நிலை?

2005-ல் மத்திய அரசு 'ஆஷா' திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆயிரம் பேருக்கு ஒரு பெண், அதே ஊர்க்காரர். இன்று நாடெங்கும் சுமார் 10 லட்சம் பேர். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் இவர்களைக் கௌரவித்தது.

ஆனால் இவர்கள் இன்னும் 'தொண்டர்கள்'தான். மாதச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே வந்த விதி. ரெஜிஸ்டர்களை நிரப்பப் படிப்பு தேவை என்பது நியாயமே. ஆனால் ஜாம்கேட்டின் முதல் பெண்கள் இன்று விண்ணப்பித்தால், விதியைத் தளர்த்தாமல் அவர்களுக்கு இடம் கிடைக்காது.

வைத்தியம் எங்கும் ஒன்றுதான். அதைக் கற்றுக் கொடுக்கும் வழி ஊருக்கு ஊர் மாற வேண்டும். நோயாளியின் பேச்சு புரிந்தவர் கையில் மருந்து இருந்தால் பாதி நோய் அங்கேயே தீரும். ஆஸ்பத்திரி வாசலில் வார்த்தை தேடி நின்றவர்களுக்கு இது தெரியாததல்ல.