அடுப்படிக் கழிவு வயலுக்கு வரட்டும், கண்ணாடி வரவேண்டாம்

முன்பெல்லாம் நம் பக்கத்து வீடுகளின் கொல்லையில் ஒரு கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், மிஞ்சிய கஞ்சி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் சேரும். மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து அதை எடுத்துப் போவார். மாடு குடிக்கும். சாணம் எருக்குழிக்குப் போகும். கோடையில் எருக்குழியை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். அந்த வயலில் விளைந்த நெல் அரிசியாகி மறுபடியும் அதே அடுப்படிக்கு வரும். இதற்கு யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் காரியம் ஒழுங்காக நடந்தது.

இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் உழவு மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மாடு குறைந்ததும் கழுநீர்ப் பானையும் போய்விட்டது. அதில் சேர வேண்டிய பொருள் இப்போது பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டபடி தெருவோரக் குப்பைக்குப் போகிறது. உடைந்த கண்ணாடி, பழைய பாட்டரி, மருந்துச் சீசா எல்லாவற்றோடும் கலந்து நாறுகிறது. ஊரைச் சுற்றியுள்ள வயலுக்குச் சேர வேண்டிய எரு, ஊருக்கே தொல்லையாகக் கிடக்கிறது.

அந்தப் பழைய சுற்றைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டு வாசலிலேயே அடுப்படிக் கழிவு தனியாகப் பிரித்து வாங்கப்பட வேண்டும். கலந்து வந்த குப்பையை எரு என்று சொல்லி யார் கொடுத்தாலும் விவசாயி வாங்கக்கூடாது.

நம் மண்ணுக்கு என்ன தேவை?

காரைக்கால் பகுதி காவிரியின் கடைமடை. அரசலாறும், நாட்டாறும், திருமலைராயனாறும் கடலைத் தொடும் இடம். கடலோரம் மணல் பாங்கான நிலம். உள்ளே போகப் போகக் களிமண் நிலம். மணலில் தண்ணீரும் உரமும் நிற்பதில்லை. களிமண் காய்ந்தால் வெடிக்கிறது, நனைந்தால் இறுகுகிறது. இந்த இரண்டு குறைக்கும் ஒரே மருந்து மக்கிய அங்ககப் பொருள்தான். அது மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். களியில் காற்றோட்டம் உண்டாக்கும்.

நம்முடைய வெப்பத்தில் மண்ணிலுள்ள மக்குப் பொருள் வேகமாகக் கரைந்து போகும். ஆகவே ஒருமுறை இட்டால் போதாது, ஆண்டுதோறும் இட வேண்டும். நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ள பரிந்துரை. மாடில்லாத சிறு விவசாயி அந்த 5 டன்னுக்கு எங்கே போவார்? வைக்கோலையும் கட்டுக் கட்டாக விற்றுவிடுகிறோம். நெல்லுக்குப்பின் உளுந்தோ பயறோ பருத்தியோ போடும் வயலில் இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும்.

ஊர்க் குப்பை எரு புதிதல்ல

1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடன் வேலை செய்த யஷ்வந்த் வாட் என்பவரும், இலைதழை, சாணம், மண் ஆகியவற்றை அடுக்கி, கிளறி எருவாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். நம் நாட்டு விவசாயிகளின் பழக்கத்தையும் சீன விவசாயிகளின் பழக்கத்தையும் பார்த்துத்தான் இதை வகுத்தார்கள். பிறகு 1939 வாக்கில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா என்பவர், நகராட்சிகள் ஊர்க் குப்பையைக் குழியில் அடுக்கி, மேலே மண் பூசி, கிளறாமலே சுமார் 6 மாதத்தில் எருவாக்கும் முறையைக் கண்டார். ‘பெங்களூர் முறை’ என்று பெயர் பெற்ற இதைப் பல நகராட்சிகள் கையாண்டன.

அந்த நாள் குப்பையில் சாம்பல், இலை, காய்கறிக் கழிவு, கந்தல் இவைதான் இருந்தன. அப்படியே மக்கிப் போகும். பிளாஸ்டிக் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. குப்பை மேட்டிலிருந்து சலித்து வந்த எருவை வயலில் கொட்டியவர்கள் கூடவே பாலிதீன் துண்டுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் ஊசிகளையும் கொட்டிக்கொண்டார்கள். நம் வயலில் நாற்று நடும் பெண்கள் செருப்பில்லாமல், முழங்கால் சேற்றில், கையை மண்ணுக்குள் விட்டு வேலை செய்கிறார்கள். ஒரு கண்ணாடிச் சில்லு போதும், ஓர் ஆளின் ஒரு வாரக் கூலி போய்விடும். சேற்றுக்குள் புதைந்த சில்லைப் பொறுக்கி எடுக்கவும் முடியாது. எருவைத் திருப்பி அனுப்பலாம், வயலில் கலந்த கண்ணாடியைத் திருப்பி அனுப்ப முடியாது.

பிரித்து வாங்கினால்தான் எரு

2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், ஒவ்வொரு வீடும் மக்கும் கழிவு, மக்காத கழிவு, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், உள்ளாட்சி அவற்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும் என்று கூறின. பிரித்துக் கொடுப்பது என்ற அடிப்படை அதற்குப் பிறகும் மாறவில்லை. ரசாயன உரம் 6, 7 மூட்டை விற்கும் இடத்தில் நகரக் கம்போஸ்டும் 3, 4 மூட்டை சேர்த்து விற்க வழி செய்ய வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. அதாவது, இந்த எரு கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் நம் வயல்தான் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பிரித்து வாங்கினால் காரியம் எவ்வளவு எளிதாகும் என்பதை வேலூர் சி. சீனிவாசன் போன்றவர்கள் தமிழ்நாட்டில் காட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து தனியாக வந்த அடுப்படிக் கழிவில் நல்லதை மாட்டுக்கும் கோழிக்கும் வாத்துக்கும் தீனியாகப் போட்டு, மீதியைச் சாணக் கரைசல் தெளித்து மக்க வைப்பது அவர்கள் வழி. பழைய கழுநீர்ப் பானைதான் இது. வீடு வீடாக வண்டி விட்டுச் செய்கிறார்கள், அவ்வளவே.

தென் கொரியாவில் 2005 முதல் சாப்பாட்டுக் கழிவை நேராகக் குப்பைக் குழியில் கொட்டத் தடை. 2013 முதல் அளவுக்குத் தக்க வீட்டாரிடம் கட்டணமும் வாங்குகிறார்கள். அப்படிச் சேரும் கழிவில் பெரும்பங்கு கால்நடைத் தீவனமாகவும் எருவாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது.

எவ்வளவு எரு கிடைக்கும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் நகராட்சியில் 86 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஓர் ஆளுக்கு நாளைக்கு 150 கிராம் அடுப்படிக் கழிவு என்று வைத்துக்கொண்டால் சுமார் 13 டன். அதில் பெரும்பகுதி தண்ணீர். மக்கி முடிந்தபின் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று கொண்டால் நாளைக்கு இரண்டரை டன் சொச்சம், ஆண்டுக்கு 950 டன். ஏக்கருக்கு 5 டன் வீதம் இட்டால் அது 190 ஏக்கருக்குத்தான் வரும்.

ஆகவே ஊர்க் குப்பை வந்தால் நெல் வயல் முழுவதும் எரு பாயும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இதே எருவைத் தென்னைக்கு மரத்துக்கு 50 கிலோ வீதம் வைத்தால் 19 ஆயிரம் மரத்துக்கு வரும். புடலை, பாகல், சுரைக்குக் குழிக்கு 10 கிலோ போதும். ஒன்று இரண்டு மா நிலத்தில் காய்கறி போடும் சிறு விவசாயிக்கும், நாற்றங்கால் போடுபவருக்கும் இது பெரிய உதவி. முதல் பங்கு அவர்களுக்கே போக வேண்டும்.

யூரியாவுக்குப் பதிலாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. விதிப்படி நகரக் கம்போஸ்டில் தழைச்சத்து குறைந்தது 0.8 சதம், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 0.4 சதம் இருக்க வேண்டும். ஒரு டன்னில் 8 கிலோ தழைச்சத்து. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் உண்டு. இரண்டரை டன் எரு ஒரு மூட்டைக்குச் சமம், அதுவும் முதல் பருவத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். எருவை இடுவது மண்ணைப் பண்படுத்த. மண் பண்பட்டால் இட்ட யூரியா வீணாகாது. அதுதான் லாபம்.

உப்பைக் கவனியுங்கள்

நம் பக்கத்துக்கு என்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. சோறு, குழம்பு, ஊறுகாய், கருவாடு என்று அடுப்படிக் கழிவில் உப்பு சேர்ந்தே வரும். கொரியாவிலும் இதே தொல்லைதான் பெரிய தொல்லை. கடலோர நிலத்தில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய வயலை மீட்க எத்தனை பாடுபட்டோம் என்பது நமக்குத் தெரியும். அதனால் உப்பு நிலத்துக்காரர்கள் எருவைச் சோதிக்காமல் இடக்கூடாது. உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் 4-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. மண் பரிசோதனைக்கு எடுத்துப் போகும்போது எருவிலும் அரைக் கிலோ கொண்டுபோய்க் கேளுங்கள். செருமாவிலங்கையில் 1987-ல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலும், காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

வாங்கும் முன் சோதனை

1. ஒரு கூடை எருவைச் சாக்கில் கொட்டிப் பரப்பிக் கையுறை போட்டுக் கிளறுங்கள். ஒரு கண்ணாடிச் சில்லோ ஊசியோ இருந்தாலும் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

2. நல்ல எரு கருமையாக, பொடியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். புளித்த வாடை வந்தால் இன்னும் மக்கவில்லை.

3. கைப்பிடி எருவை ஈரப்படுத்திப் பையில் இறுகக் கட்டி 3 நாள் வைத்துத் திறந்து பாருங்கள். நாறினால் வேண்டாம்.

4. எருவும் மண்ணும் சரிபாதி கலந்த சட்டியில் 20 உளுந்து விதை, வெறும் மண் சட்டியில் 20 விதை போடுங்கள். எருச் சட்டியில் முளைப்பு குறைந்தால் அந்த எரு பயிரைக் கெடுக்கும்.

5. பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் எரு விலைக்குத் தண்ணீரை வாங்குகிறீர்கள்.

நாமே மக்க வைப்பது எப்படி?

பிரித்த கழிவைக் கூடைக் கணக்கில் பெற்று, நாலைந்து விவசாயிகள் சேர்ந்து திடலில் மக்க வைப்பதும் நல்லது. ஆனால் குழி வெட்ட வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் நிலத்தில் குழி குளமாகிவிடும். மேடான இடத்தில், கீற்றுக் கொட்டகையின் கீழ், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் குவியலாகப் போடுங்கள்.

அடியில் தென்னை மட்டை அல்லது பருத்தி மாறு ஓரடிக்குப் பரப்புங்கள். காற்று அடியிலிருந்து ஏறும். அதன்மேல் ஒரு கூடை அடுப்படிக் கழிவுக்கு ஒரு கூடை காய்ந்த சருகோ வைக்கோலோ என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஈரக் கழிவை மட்டும் கொட்டினால் அழுகி நாறும். ஒவ்வொரு அடுக்குக்கும் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சாணம் கரைத்துத் தெளியுங்கள். மீன் கழிவு வந்தால் குவியலின் நடுவில் புதையுங்கள். மேலே பழைய எருவோ மண்ணோ மூடினால் நாயும் காக்கையும் வராது.

மூன்றாம் நாளிலிருந்து உள்ளே சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். சுடாவிட்டால் ஈரம் போதவில்லை அல்லது காற்று போதவில்லை என்று பொருள். 15, 30, 45-ஆம் நாட்களில் கிளறிவிடுங்கள். 75 முதல் 90 நாளில் எரு தயார். சலித்து எடுத்து, சலிக்காமல் நின்றதை அடுத்த குவியலில் போடுங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

காரைக்கால் நகராட்சி ஒன்று, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று கொம்யூன் பஞ்சாயத்துகள் 5. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வந்த ஏற்பாடு இது. சிறிய பகுதி. எந்தத் தெருக் குப்பையும் சில மைல் போனால் வயலைத் தொட்டுவிடும். சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றில் சேரும் எச்சில் இலையும், மாங்கனித் திருவிழாவில் சேரும் பழக் கழிவும், கல்யாண மண்டபத்து வாழை இலையும் பிளாஸ்டிக் கலக்காமல் தனி வண்டியில் வந்தால் அன்றைக்கே குவியலில் ஏற்றிவிடலாம். மற்ற பெரிய நகரங்களுக்கு இல்லாத வசதி இது.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு நகரக் கம்போஸ்டுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. அது விற்பவர் வழியாகப் போனது. எந்த உதவி வந்தாலும் வராவிட்டாலும், விவசாயிகள் கூட்டாகப் போய் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பிரித்து வாங்கிய கழிவில் செய்த எருதானா? அதன் பரிசோதனைத் தாள் எங்கே? இரண்டுக்கும் பதில் இருந்தால் வாடகை வண்டி வைத்தாவது எடுத்து வரலாம். இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம்.

நம் வீட்டிலும் இதைத் தொடங்க வேண்டும். அடுப்படியில் ஒரு தனிச் சட்டி வையுங்கள். அதில் பாலிதீன் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடவுக்கு வரும் பெண்களின் காலுக்குப் பாதுகாப்பு அந்தச் சட்டியில்தான் ஆரம்பமாகிறது.